அம்மப்பாவின் கொப்பியோடு கொழும்பில் ஐந்து நாள்

நாள் 1 – வெள்ளவத்தை

யாழ்ப்பாணத்தில் இரவு எட்டரைக்கு எடுத்த பஸ், விடிய ஐந்தரைக்கு வெள்ளவத்தையில் இறக்கிவிட்டது. கடற்காற்றில் உப்பு மணத்தது. காலி வீதியில் பாண் கடைகள் திறந்துகொண்டிருந்தன. மாமி வீட்டுப் படியேறும்போதே இடியப்பம் அவியும் வாசனை வந்தது. குளித்துச் சாப்பிட்டுப் படுத்தவள் பத்து மணிக்குத்தான் எழும்பினேன். இன்று வேறெங்கும் போகவில்லை. கொண்டுவந்த பொருளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அது ஒரு கொப்பி. துவாய் ஒன்றில் சுற்றி, கைப்பைக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். நீல மட்டை, மூலைகள் தேய்ந்து பஞ்சாகிவிட்டன. என் அம்மப்பாவின் கொப்பி. அவர் கொழும்பில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதினவர். அவருடைய தகப்பன் வலிகாமத்துக் கோயில்களில் வாகனங்களுக்கு வர்ணம் தீட்டினவர். பதினெட்டு வயதில் கொட்டாஞ்சேனைக்கு வந்த அம்மப்பா, குதிரை வாகனத்துக் கண்ணுக்குப் பிடித்த தூரிகையால் அரிசிக் கடைக்கும் நகைக் கடைக்கும் எழுத்து எழுதத் தொடங்கினார். 1983 ஆடிக் கலவரத்தில் உடுத்த உடுப்போடு கப்பலில் காங்கேசன்துறைக்குத் திரும்பியவர், பிறகு கொழும்புக்குப் போகவேயில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் வலிகாமமே இடம்பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, அம்மம்மா எடுத்துவந்த சாக்குக்குள் சட்டி பானைகளோடு இந்தக் கொப்பியும் இருந்தது. தூரிகைகள் வீட்டிலேயே கிடந்து போயின.

கொப்பிக்குள் எழுத்துகள், எழுத்துகள். பென்சிலால் கோடு போட்டு ஒவ்வொன்றுக்கும் அளவு குறித்திருக்கிறார். சிங்கள எழுத்துக்கு ஒன்பது பக்கம், ஆங்கிலத்துக்கு ஆறு, மிச்சமெல்லாம் தமிழ். அவருக்குச் சிங்களம் பேச வராது என்று அம்மா சொல்லுவா. ஆனால் அந்த ஒன்பது பக்கத்து வளைவுகளைப் பார்த்தால், மொழி தெரியாதவர் கை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

எனக்கு மிகப் பிடித்தது 'னை', 'லை', 'ளை', 'ணை' இருக்கும் பக்கம். எல்லாம் பழைய வடிவம். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வருமுன் அச்சிலும் பலகையிலும் இருந்த வடிவம். இப்போதுபோல முன்னால் தனியே சங்கிலி நிற்காது. எழுத்தோடு ஒட்டியே ஒரு வளைவு மேலெழும்பி, தலைக்கு மேல் சுருளும். அம்மப்பா அதற்குப் பக்கத்தில் 'தும்பிக்கை' என்று எழுதியிருக்கிறார். நுனியை உள்ளே ஒன்றரைச் சுற்றுச் சுருட்டி, கடைசியில் ஒரு பொட்டுப்போலத் தூரிகையை அழுத்தி எடுத்திருக்கிறார். யானை வாகனத்துக்குத் தும்பிக்கை வரைந்து பழகிய வீட்டுக் கை அது. நான் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறேன். இந்தச் சுருளை எத்தனையோ தரம் வரைந்து பார்த்திருக்கிறேன், அந்த அழுத்தம் எனக்கு வருவதில்லை.

இன்னொரு பக்கத்தில் ஒரு குறிப்பு: 'தாருக்கு மேலே முதலில் அலுமினியம். நன்றாகக் காய்ந்த பின் மஞ்சள். இல்லாவிட்டால் கசியும்.' பெயர்ப்பலகை எழுதுகிறவருக்குத் தாரோடு என்ன வேலை? அம்மாவுக்கும் தெரியவில்லை.

அவர் எழுதிய பலகை ஒன்றாவது இந்த ஊரில் மிஞ்சியிருக்குமா என்று பார்க்கத்தான் வந்திருக்கிறேன்.

நாள் 2 – கறுவாத்தோட்டம்

காலையில் தேசிய நூதனசாலை. 1877 ஜனவரி முதலாம் திகதி திறந்த வெள்ளைக் கட்டடம். தேசாதிபதி வில்லியம் கிரகரி காலத்தில் கட்டியது. சிறு வயதில் பாடசாலைச் சுற்றுலாவில் வந்தபோது சிங்காசனத்தையும் கிரீடத்தையும் பார்த்தது மட்டும் ஞாபகம். இந்தத் தரம் நேரே வெண்கலச் சிலைகளிடம் போனேன்.

பொலன்னறுவைச் சிவாலயங்களின் இடிபாடுகளில் 1907இலும் 1908இலும் அகழ்ந்தபோது கிடைத்தவை இவை. நடராசரைப் பார்க்க எல்லோரும் கூடுகிறார்கள். நான் சுந்தரமூர்த்தி நாயனாருக்கு முன்னால் நின்றேன். இளந்தாரி. நடந்து வந்தவர் எதையோ கண்டு அப்படியே நின்றதுபோல ஒரு நிலை. கண் விரிந்திருக்கிறது. எத்தனை தேவாரம் பாடமாக்கியிருக்கிறேன், 'பித்தா பிறைசூடி' பாடியவருக்கு இப்படி ஒரு முகம் இருந்திருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அரை மணித்தியாலம் பென்சிலால் வரைந்தேன். இடுப்பு வளைவு சரியாக வந்தது, முகம் வரவில்லை.

பிறகு அந்தக் கல்லிடம் போனேன். இன்றைய நாள் முழுவதும் அந்தக் கல்லுக்குத்தான்.

மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்து நாட்டியது, கல்லில் பொறித்த ஆண்டு 1409. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழி. ஒரே கல்லில் மூன்று பேருக்குக் காணிக்கை. சீனப் பகுதி புத்தருக்கு, பாரசீகம் அல்லாவுக்கு, தமிழ்ப் பகுதி தேவுந்துறையில் கோயில்கொண்ட தெனவரை நாயனாருக்கு. பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம், பட்டு, எண்ணெய் என்று கொடை விவரம் வருகிறது. இலங்கையின் தென்கோடியில் ஒரு தெய்வத்துக்குச் சீனப் பேரரசர் காணிக்கை அனுப்பும்போது, அதை எழுதத் தமிழ் வேண்டியிருந்திருக்கிறது. பாடப் புத்தகத்தில் இதை ஒரு வரியில் கடந்துபோயிருக்கிறேன். கல்லுக்கு முன்னால் நிற்கும்போது நெஞ்சு அடைத்தது.

கிட்டப் போய்ப் பார்த்தேன். அக்காலக் கல்வெட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பது அரிது. முதலில் கண் தடுமாறும், கொஞ்சம் பழகினால் 'க', 'ந', 'ய' எல்லாம் தெரிந்த முகங்களாக வரும். எழுத்துகள் மேலே ஒரு கோட்டில் தொங்குவதுபோல வரிசையாக இருக்கின்றன. அம்மப்பாவும் கொப்பியில் தமிழுக்கு மேல்கோட்டைத்தான் தடிப்பாகப் போட்டிருக்கிறார். சிங்கள எழுத்துக்கு அப்படியில்லை, நடுவில் வட்டத்தின் வயிற்றைத்தான் முதலில் குறிக்கிறார். தமிழை மேலிருந்து தொங்கவிட வேண்டும், சிங்களத்தை வயிற்றிலிருந்து ஊத வேண்டும் என்று அவருடைய கை கண்டுபிடித்திருக்கிறது. கல்வெட்டாய்வாளர் யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இந்தக் கல் 1911இல் கிடைத்தது எப்படியென்றால், காலி நகரில் ஒரு மதகுக்கு மூடியாகக் கவிழ்ந்து கிடந்தது. எழுத்துப் பக்கம் கீழே. எத்தனை வண்டிகள் அதன்மேல் போயிருக்குமோ.

பின்னேரம் ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் நடந்தேன். நடைபாதை ஓரமாக ஓவியர்கள் தங்கள் படங்களைச் சாய்த்து வைத்து விற்கிறார்கள். யானைக் கூட்டம், பெரஹர, மீன்பிடிப் படகு, தேயிலை பறிக்கும் பெண்கள். 1993இலிருந்து ஆண்டுக்கொரு முறை நடக்கும் கலாபொல ஓவியச் சந்தையும் இந்த வீதியில்தான். தேயிலைப் பெண்களின் படங்கள்தான் அதிகம் விற்கும் என்று ஒரு தம்பி சொன்னார். எல்லாப் படத்திலும் அவர்கள் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். கூடையின் கயிறு நெற்றியில் அழுத்தும் தடத்தை ஒருவராவது வரைந்திருக்கலாம் என்று எனக்குப் பட்டது, அவரிடமே சொன்னேன். அவர் பதுளைப் பக்கம், தாயார் கொழுந்து பறித்தவர். 'எனக்குத் தெரியும் டீச்சர், அம்மாவுக்கு இருக்கு அந்தத் தடம்' என்று தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். 'வீட்டுல ஒண்ணு வரைஞ்சு வெச்சிருக்கேன். விக்கிறதுக்குக் கொண்டு வரல்ல.'

வீதிக்குப் பெயர் தந்தவரும் 1877இல், நூதனசாலை திறந்த அதே ஆண்டில், கொழும்பில் பிறந்தவர். தந்தை சேர் முத்து குமாரசுவாமி, தாய் ஆங்கிலேயப் பெண். கற்களை ஆராயும் அரசாங்க வேலையாக ஊரூராகப் போனவர், கல்லைவிட அங்கே கொல்லரும் தச்சரும் நெசவாளரும் செய்துகொண்டிருந்ததைக் கண்டு அதையே எழுதத் தொடங்கினார். கண்டிக் கைவினைஞர்களைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 1908இல் வந்தது. தமிழ்த் தகப்பனின் பிள்ளை சிங்களக் கைவினைக்காக அத்தனை ஆண்டு செலவழித்ததை நினைத்துக்கொண்டே நடந்தேன். அம்மப்பாவின் ஒன்பது சிங்களப் பக்கங்களும் கூடவே நினைவில் வந்தன.

நாள் 3 – மழை

விடிய முதல் மழை. குடையோடு பார்ன்ஸ் பிளேசுக்குப் போனேன். ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு, இப்போது சபுமால் மன்றம். தாழ்ந்த ஓட்டுக்கூரை, முற்றத்தில் மரங்கள், சுவர் நிறையப் படங்கள். 1943இல் லயனல் வென்ட் முன்னின்று தொடங்கிய '43 குழு' ஓவியர்களின் படைப்புகளை இத்தனை கிட்டத்தில் பார்க்க இதைவிட நல்ல இடமில்லை. கண்ணாடித் தடுப்புக் கிடையாது, யாரோ ஒருவரின் வீட்டு விறாந்தையில் நிற்பதுபோல இருக்கிறது.

ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தெரணியகல, ஐவன் பீரிஸ், ரிச்சட் கேப்ரியல். பெரிய பெயர்கள். குழுவைத் தொடங்கியவர்களில் சிங்களவர் இருந்தார்கள், பறங்கியர் இருந்தார்கள். தமிழ்ப் பெயர் என்று நான் கண்டது எஸ். ஆர். கனகசபை ஒன்றுதான். இதைக் குறையாகச் சொல்லவில்லை, ஆனால் கண்ணில் பட்டதை எழுதாமல் விடவும் முடியவில்லை. அதே காலத்தில் எங்கள் ஆட்கள் தேர்ச்சீலையிலும் வாகனத்திலும் கடைப் பலகையிலும் வரைந்துகொண்டிருந்தார்கள். வெயிலிலும் மழையிலும் நின்ற வேலை அது, கையெழுத்துப் போடாத வேலை. அதைச் சேர்த்து வைக்க ஒரு வீடு யாருக்கும் தோன்றவில்லை.

அங்கே என்னை நிறுத்திவைத்தவர் மஞ்சுஸ்ரீ. இளமையில் பௌத்த துறவி, பிறகு துறவறத்தை விட்டு ஓவியரானவர். விகாரைச் சுவரோவியங்கள் சுண்ணாம்படித்தும் ஈரத்தில் உதிர்ந்தும் அழிந்துகொண்டிருந்தபோது, ஊரூராகப் போய் அவற்றைக் கையால் படியெடுத்தார். ஆண்டுக்கணக்காக அதைச் செய்தார். மூலச் சுவர் இல்லாமல்போன இடங்களில் இன்று அவருடைய படிதான் சாட்சி. தன் படம் என்று ஒன்றை வரைவதற்கு முன் பழைய யாரோ ஒருவரின் கையைத் தன் கைக்குள் வாங்கியவர் அவர்.

ஓட்டோவில் பொரளை கோதமி விகாரைக்குப் போனபோது மழை விட்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத் தரையில் உள்ளே போனேன். 1939–40இல் கீற் வரைந்த சுவர்கள் இவை. புத்தர் பிறப்பிலிருந்து தொடங்கும் கதை, ஆள் உயரத்துக்கு மேல். பறங்கியர் வீட்டில், கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் புத்தர் கதையைத் தீட்டியிருக்கிறார். கிட்டப் பார்த்தால் கோடுதான் எல்லாம். தோளில் தொடங்கும் கோடு முழங்கையைச் சுற்றி விரல் நுனிவரை எங்கும் அறாமல் போகிறது. தூரிகையை ஒரே மூச்சில் இழுத்திருக்க வேண்டும். பெயர்ப்பலகை எழுதுகிறவர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வளைவை முடிப்பார்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறா. 'அப்பா வேலை செய்யேக்க பேசக்கூடாது, மூச்சு விட்டாரெண்டால்தான் கேள்வி கேக்கலாம்.'

இருட்டுமுன் கொள்ளுப்பிட்டியில் நவீன, சமகாலக் கலை நூதனசாலைக்கும் ஓடிப்போனேன். மூன்று மொழியிலும் விளக்கம் எழுதியிருக்கிறார்கள், தமிழ் பிழையில்லாமல் இருக்கிறது. ஆறுதலாகப் பார்க்க நேரமில்லை. திரும்பும் வழியில் கடதாசிக் கடையில் டிரேசிங் கடதாசி பத்துத் தாள் வாங்கினேன்.

நாள் 4 – செட்டியார் தெரு

ஒன்பது மணிக்கே புறக்கோட்டை வெந்துகொண்டிருந்தது. மூட்டை சுமக்கும் நாட்டாமைகள் 'வழி, வழி' என்று கத்திக்கொண்டு வண்டில் தள்ளிப் போகிறார்கள். சம்மாங்கோட்டுப் பள்ளியின் சிவப்பு வெள்ளைச் சுவரைத் தாண்டிக் கெய்சர் வீதி, மெயின் வீதி, பிறகு செட்டியார் தெரு என்று தலையை அண்ணாந்தபடியே நடந்தேன். எங்கே பார்த்தாலும் கணினியில் அச்சடித்த பிளாஸ்டிக் பதாகை. எழுத்தெல்லாம் ஒரே எழுத்து. பழைய கதிரேசன் கோயில் பக்கம் நகைக் கடைகளில் விளக்கு வைத்த பித்தளை எழுத்து. 1983இல் இந்தப் பக்கத்தில் எத்தனை தமிழ்க் கடைகள் எரிந்தன என்பது ஊருக்கே தெரியும். பலகைகள் மட்டும் எப்படி மிஞ்சும்? பதினொரு மணிக்கு ஒரு சோடாக் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

கொப்பியைக் காட்டி விசாரித்ததில் கடைக்காரத் தம்பி ஒரு ஒழுங்கைக்குள் கூட்டிப்போனார். அங்கே ஒரு பழைய மொத்த வியாபாரக் கடை. முதலாளிக்கு எண்பத்தைந்து வயது இருக்கும். கல்லாவில் மகன் இருந்தார், இவர் பக்கத்துக் கதிரையில்.

'என்ன தேடுறீங்க மகள்?'

சொன்னேன். கொப்பியை வாங்கி மூக்குக்கு அருகில் பிடித்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

'பேர் ஞாபகம் வரல்ல. அப்ப இந்தப் பக்கத்துல நாலஞ்சு பேர் போர்ட் எழுதினாங்க. யாழ்ப்பாணத்து ஆள் ஒருத்தர் இருந்தார், வெத்தில போடுவார்.'

அம்மப்பா வெற்றிலை போட்டவர்தான். ஆனால் யாழ்ப்பாணத்தார் யார்தான் அப்போது போடவில்லை.

பிறகு அவர் உள்ளே ஆள் அனுப்பினார். பின்பக்கத்து அறையில் சாக்கு அடுக்கும் இடத்தில் இருந்து இரண்டு பேர் ஒரு பலகையைத் தூக்கிவந்தார்கள். ஆறடி நீளம், தேக்கு. கடைக்குப் பெயர் மாற்றிய வருசம் கழற்றி உள்ளே போட்டதாம். அதனால்தான் 83க்குத் தப்பியது. துணியால் துடைத்தார்கள். மஞ்சள் தரையில் சிவப்பு எழுத்து, கறுப்பு நிழல். மேலே கடைப் பெயர், கீழே 'மொத்த விற்பனை'.

'னை' தும்பிக்கையோடு இருந்தது.

குந்தியிருந்து பார்த்தேன். சுருள் உள்ளே போகவில்லை. நுனி வெளியே திரும்பி, தண்ணீர் பீச்சும் யானையைப்போல மேலே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசிப் பொட்டும் இல்லை, மெல்லிய மயிராகத் தேய்ந்து முடிகிறது. கொப்பியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. இது அம்மப்பாவின் கை இல்லை.

அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. நல்ல கை அது. 'ற்'றுக்கும் 'ப'வுக்கும் நடுவே விட்டிருந்த வெளி அவ்வளவு அளவாக இருந்தது.

அப்போதுதான் அந்தக் கறையைக் கண்டேன். மஞ்சளுக்குள் இருந்து மண்ணிறமாக ஒன்று மேலே வந்திருந்தது. 'மொத்த' என்பதன் குறுக்கே, அகலமான பட்டை. விரலால் தடவினால் மேடு தட்டுப்படுகிறது.

'அதா? அது தார்' என்றார் முதலாளி. 'அம்பத்தெட்டு. கார் நம்பருக்குச் சிங்கள ஸ்ரீ வந்த நேரம். வடக்குல அந்த ஸ்ரீக்குத் தார் பூசினாங்க. இங்க தமிழ் எழுத்து இருந்த போர்டுக்கெல்லாம் தார் பூசினாங்க. எங்க வாப்பா காலையில கடைக்கு வந்து பார்க்கிறார், தமிழ் மட்டும் கறுப்பு. சிங்களம், இங்கிலீசு சும்மா இருக்கு. நான் அப்ப ஸ்கூலுக்குப் போற பொடியன்.'

'பிறகு?'

'பிறகு என்ன, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சு, திருப்பி எழுதினோம். அந்த மாசம் போர்ட் எழுதுறவங்களுக்குத் தூங்க நேரமில்ல. இரவுல லாம்பு வெச்சு எழுதினாங்க. இதை எழுதினவர் அவசரத்துல எழுதிட்டார். வருசம் போகப் போகத் தார் எழும்பி வருது பாருங்க.'

கொப்பியைத் திறந்து அந்தக் குறிப்பை அவருக்கு வாசித்துக் காட்டினேன். 'தாருக்கு மேலே முதலில் அலுமினியம். நன்றாகக் காய்ந்த பின் மஞ்சள். இல்லாவிட்டால் கசியும்.' வாசிக்கும்போது குரல் நடுங்கியது. மகனும் கல்லாவை விட்டு எழும்பி வந்து பார்த்தார். தார் எண்ணெய் வர்ணத்தில் கரைந்து ஊறி மேலே வரும். இடையில் அலுமினிய வர்ணம் ஒரு பூச்சு இருந்தால் அது நிற்கும். ஒரு தரம் கசிந்து வந்து, கடைக்காரரிடம் ஏச்சு வாங்கி, மறுபடி செய்த ஒருவர்தான் அந்தக் குறிப்பை எழுதியிருக்க வேண்டும். அப்போது அம்மா இரண்டு வயதுக் குழந்தை. அம்மப்பா எத்தனை இரவு லாம்பு வெளிச்சத்தில் ஏணியில் நின்று, அழித்த எழுத்தை அதே இடத்தில் அதே அளவில் திருப்பி எழுதினாரோ, வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

டிரேசிங் கடதாசியை விரித்தேன். முதலாளி பலகையை இரண்டு சாக்கின்மேல் வைக்கச் சொல்லி, மின்விசிறியையும் நிறுத்தச் சொன்னார், கடதாசி பறக்கிறது என்று. மூன்று தாள் ஒட்டி முழுவதையும் படியெடுத்தேன். எழுத்தின் விளிம்பைக் கறுப்பு மையால், தார்க் கறையின் எல்லையை மண்ணிறப் பென்சிலால். வெளியே திரும்பிய தும்பிக்கை வரும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நுனி தேய்ந்து முடியும் இடத்தில் என் கை ஒருதரம் சரியாகப் போனது.

மூன்று மணிக்குப் பிளேன்ரீ தந்தார்கள். பலகைக்குக் காசு பேசவா என்று மகன் கேட்டார். வேண்டாம் என்றேன். இங்கேயே இருக்கட்டும், சாக்கை மட்டும் அதன்மேல் அடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். முதலாளி சிரித்து, கல்லாவுக்குப் பின்னால் சுவரில் மாட்டச் சொல்கிறேன் என்றார்.

நாள் 5 – கொட்டாஞ்சேனை

காலைப் பூசைக்குப் பொன்னம்பலவாணேசர் கோயில். முன்பிருந்த கோயிலை 1912இல் முழுக் கருங்கல்லாகக் கட்டி முடித்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன், ஆனந்த குமாரசுவாமிக்கு மச்சான் முறை. உள்ளே மின்சார வெளிச்சம் குறைவு, எண்ணெய் விளக்குத்தான். தூணில் கைவைத்தால் குளிர்கிறது. வாகன அறைக் கதவிடுக்கால் ஒரு யானை வாகனத்தின் நெற்றி தெரிந்தது. புதிதாக வர்ணம் அடித்திருக்கிறார்கள். பளிச்சென்ற ரோஸ் நிறம், கண் மட்டும் பழையவர் யாரோ ஒருவருடைய கண்.

அம்மா பிறந்த வீட்டைத் தேடினேன். அந்த இடத்தில் ஐந்து மாடி நிற்கிறது. படம் எடுக்கவில்லை.

மதியம் அம்மாவுக்கு அழைத்து எல்லாம் சொன்னேன். தார் கதையைச் சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

'அதுதான் அவர் மண்ணெண்ணெய் மணத்தோட வாறவரெண்டு அம்மா சொல்லுவா' என்றா. பிறகு, 'அந்தப் பலகை எழுதினது ஆரெண்டு தெரியாதோ?'

'தெரியாதம்மா.'

'அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும். அவையெல்லாம் ஒரே கடையிலதானே தேத்தண்ணி குடிச்சவை. அதையும் கொப்பிக்குள்ள வை.'

வைத்துவிட்டேன். கொப்பியின் கடைசியில் பதினான்கு வெற்றுப் பக்கங்கள் இருக்கின்றன. முதலாவதில் மடித்த டிரேசிங் தாளை ஒட்டி, கீழே பென்சிலால் 'செட்டியார் தெரு ஒழுங்கை, எழுதியவர் பெயர் தெரியாது, 1958' என்று குறித்தேன். பஸ் இரவு எட்டரைக்கு. கெய்சர் வீதியில் இரண்டாம் மாடியில் ஒரு பலகையும் மெயின் வீதியில் ஒரு தூணில் பாதி உரிந்த எழுத்தும் கண்டு வைத்திருக்கிறேன். மார்கழி விடுமுறைக்கு வருகிறேன் என்று சோடாக் கடைத் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். ஏணி அவர் எடுத்துத் தருவாராம்.